தேன்மொழி வேண்டாம்

"உன் ஆளு இன்னைக்கு ஏன் இம்புட்டு கோவமாக் கத்துறாரு?" என்று கேட்டாள் பாண்டிலட்சுமி.

வேல்விழி இடது காதில் இருந்த, சத்தம் வெளியே கசியும் இயர்போனைக் கழற்றாமலே சிரித்தாள்.

"கத்தலைக்கா. சாத்தூர்க் கடைக்காரரோட ஆர்டரை எனக்கு வாசிச்சுக் காட்டுறாரு. அவரு குரலே அப்படித்தான்."

"குரலா அது? தகரத்துல ஆணியை வச்சு இழுத்த மாதிரி இருக்கு. அதுவும் என்ன வேகம்! சரவெடியைக் கொளுத்திக் காதுக்குள்ள போட்ட கணக்கா... எப்படித்தான் அந்தாளோட குடும்பம் நடத்துறியோ!"

"நீங்க உங்க வீட்டுக்காரரோட நடத்தலையா? அது மாதிரித்தான்."

பாண்டிலட்சுமி கையிலிருந்த ஃபைலால் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். ஆபீஸே சிரித்தது.

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற சாலையில் இருந்தது உக்கிரபாண்டி டிரேடர்ஸ். பட்டாசு மொத்த வியாபாரம். சரக்கெல்லாம் எம். புதுப்பட்டி பக்கம் குடோனில் இருக்கும். இங்கே ஆபீஸ் மட்டும். வேல்விழிக்கு ஆர்டர் எடுத்து பில் போடுகிற வேலை. வலது காதில் போன், இடது காதில் கம்ப்யூட்டர். போனில் கடைக்காரர் சொல்லச் சொல்ல, அவள் விரல்கள் தட்டிக்கொண்டே போகும். தட்டியது சரிதானா என்று இடது காது சொல்லும்.

எட்டாம் வகுப்பில் கண்ணில் நீரழுத்தம் ஏறிப் பார்வை போனது. இந்த ஊரில் அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "எந்த ஃபேக்டரி வெடியிலம்மா போச்சு?" என்றுதான் முதல் கேள்வி வரும். சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். மதுரைப் பயிற்சி மையத்தில் அவள் ஒன்றுக்கு மூன்றைப் பழகிப் பார்த்தாள். கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வரும் நரேட்டர், கடிதம் படிக்கவும் இணையத்தில் உலாவவும் போதும். ஆனால் பில் போடுகிற வேலைக்கு அது அவள் கைக்கு ஒட்டவில்லை. ஜாஸ் என்பது விலை கொடுத்து வாங்குவது. நல்ல சாமான். பெரிய ஆபீஸ்களில் அதைத்தான் கேட்பார்கள் என்று பயிற்சி மையத்தில் சொன்னார்கள். மூன்றாவது என்விடிஏ. இலவசம். பென்டிரைவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் ஓடவிடலாம்.

மூன்றையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு, ஒரே பக்கத்தைப் படிக்கச் சொல்லி, ஒரே வேலையைச் செய்து பார்த்து, கடைசியில் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள். அதிலும் இருக்கிற குரல்களிலேயே கரகரப்பான ஒன்றை எடுத்துக்கொண்டாள். மற்ற குரல்கள் வேகம் கூட்டினால் குழைந்துவிடும். இது மட்டும் எம்புட்டு விரட்டினாலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழும். கேட்கிறவர்களுக்கு இரைச்சல். அவளுக்கு அதுதான் வெளிச்சம்.

முதலாளி உக்கிரபாண்டி அவளைக் கூப்பிட்டார். அவர் அறையில் இன்னொருவரும் இருந்தார். ஜவ்வாது வாசனையை வைத்தே அழகுராஜா என்று தெரிந்துகொண்டாள். வெளிச்சம் சேவைச் சங்கத்தின் தலைவர். முதலாளிக்குப் பங்காளி முறை.

"வா தாயி, உக்காரு. உனக்கு ஒரு நல்ல சேதி. அண்ணாச்சி சங்கத்துல இருந்து உனக்குப் பெரிய சாமான் வாங்கித் தாராக."

அழகுராஜா தொண்டையைச் செருமினார். "தேன்மொழின்னு பேரு. சென்னைக் கம்பெனி. கம்ப்யூட்டரு பேசும்மா! அப்படியே ரேடியோவுல செய்தி வாசிக்கிற பொம்பளை மாதிரி. நான் கேட்டு மெய்சிலிர்த்துப் போயிட்டேன்."

"ரொம்ப நன்றிங்கண்ணே. ஆனா நான் ஏற்கெனவே ஒண்ணு வச்சிருக்கேன். வேலைக்கு அது தோதா இருக்கு."

"அந்தக் கரகரக் கிழவனா?" உக்கிரபாண்டி சிரித்தார். "ஓசியில கிடைச்சதுதானே அது? கம்பெனி கவுரவம்னு ஒண்ணு இருக்குல்லா? ஆடிப்பெருக்கு அன்னைக்குப் பூசை போட்டு முதல் பில்லு போடுவோம்ல, வியாபாரிக அம்புட்டுப் பேரும் வருவாக. அன்னைக்கு மேடையில வச்சுக் குடுக்காக. நீ அதுலயே முதல் பில்லைப் போடுற. போட்டோ, பேனரு எல்லாம் உண்டு."

"பேனர்ல என்ன எழுதுவீக முதலாளி?"

"கண்ணு தெரியாத பிள்ளைக்குக் கண்ணு கொடுத்தோம்னு. ஆனா அண்ணாச்சி, வெடி விபத்துல போகலைங்கிறதைப் பெரிய எழுத்துல போட்ருங்க. பார்ட்டிக பயந்துருவாக."

வேல்விழிக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"ஒரு வாரம் ஓட்டிப் பாக்குறேன் முதலாளி. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

"என்னது, பார்த்துட்டுச் சொல்றியா?" அழகுராஜாவின் நாற்காலி கிறீச்சிட்டது. "தானமாக் குடுக்கிறதைக் கூட மாப்பிள்ளை பாக்கிற மாதிரிப் பார்த்துத்தான் வாங்குவியா?"

"ஆமாண்ணே. நாளெல்லாம் என் காதுக்குள்ள இருக்கப் போறது. பாக்காம எப்படிக் கட்டிக்கிட?"

வீட்டில் அம்மா வள்ளித்தாய்க்கு விஷயம் தெரிந்தபோது அவள் ஃபேக்டரி வேனிலிருந்து இறங்கிக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, உனக்குக் கிறுக்கா? அவுக வாசல்ல உங்க தாத்தா ஏறுனதில்ல. இன்னைக்கு அவுகளே கூப்பிட்டு, மேடையில ஏத்தி, சாமான் தாரேங்காக. வாங்கிட்டுப் பேசாம இருப்பியா, அது சரியில்ல இது சரியில்லங்கிற!"

"வாசல்ல ஏத்துறதுக்காகக் கண்ணைக் குடுக்க முடியுமாம்மா?"

"கண்ணுதான் இல்லையே" என்று சொன்ன வாயை உடனே பொத்திக்கொண்டாள் வள்ளித்தாய். "ஆத்தா, வாய் தவறிருச்சு..."

"இருக்கும்மா. கைப்பையில இருக்கு" என்றாள் வேல்விழி. கோபமில்லாமல்தான் சொன்னாள்.

தேன்மொழியை அவள் நியாயமாகவே ஓட்டிப் பார்த்தாள். குரல் இனிமைதான். "வணக்கம் தோழி" என்று ஆரம்பிக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகுமுன் மூச்சு விட்டு, நிதானித்து, கச்சேரிக்கு உட்கார்ந்தவள் போல ஆரம்பிப்பாள். பாதியில் நிறுத்தச் சொன்னால் கேட்கமாட்டாள். வேகத்தைக் கூட்டுகிற இடத்தில் பூட்டு; அதற்குச் சென்னைக்குப் போன் செய்ய வேண்டும். இணையம் நின்றால் அவளும் ஊமை. ஆடிக் காற்றில் இந்தச் சாலையில் இணையம் எத்தனை தடவை நிற்கும் என்று கணக்கே கிடையாது.

அந்த வாரம் இரண்டு கடைக்காரர்கள் போனிலேயே கேட்டார்கள்: "என்னம்மா, லைன்ல இருக்கியா, தூங்கிட்டியா?"

எல்லாவற்றையும் விட ஒன்று அவளை உறுத்தியது. தேன்மொழி வந்த பெட்டியின் மேல் ஒட்டியிருந்ததைப் பாண்டிலட்சுமி வாசித்துக் காட்டினாள். உரிமம் உக்கிரபாண்டி டிரேடர்ஸ் பெயரில். இந்தக் கம்ப்யூட்டரை விட்டு வேறு எதிலும் ஓடாது.

நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

"எனக்குத் தேன்மொழி வேண்டாம் முதலாளி."

உக்கிரபாண்டியின் குரலில் இப்போது 'தாயி' இல்லை.

"இங்க பாரு. உன்னைச் சேத்ததே தற்காலிகமாத்தான். ஆடிப்பெருக்கு முடிஞ்சதும் நிரந்தரம் பண்ணலாம்னு இருக்கேன். அன்னைக்கு மேடையில தேன்மொழியில பில்லு போட்டா வேலை உண்டு. இல்லைன்னா நீ உன் கிழவனைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிரலாம். அம்புட்டுத்தான்."

"சரி முதலாளி. இன்னொண்ணு. அன்னைக்கு அதை மைக் செட்டுல மாட்டணும்னு அண்ணாச்சி சொன்னாக. வேண்டாம். அது திரையில இருக்கிறது அம்புட்டையும் வாசிக்கும்."

"வாசிக்கட்டுமே! வாசிக்கிறதுக்குத்தானே வாங்குறோம்? ஊருக்கே கேக்கட்டும்!"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் போனை எடுத்து ஷாமியானா பந்தல்காரரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஆடிப்பெருக்கு அன்று ஆபீஸ் வாசலில் பந்தல். புது விலைப்பட்டியலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, சீசனைத் தொடங்கிவைப்பது வழக்கம். அன்று போடுகிற முதல் பில் கைராசியாக அமைந்தால் தீபாவளி வரை ஓட்டம் நிற்காது என்று நம்பிக்கை. கோவில்பட்டி, திண்டுக்கல், தேனி என்று கடைக்காரர்கள் வந்து நாற்காலிகளை நிறைத்திருந்தார்கள். கேசரி வாசனையும் காற்றில் படபடக்கும் பேனர் சத்தமும் கலந்து வந்தன.

வள்ளித்தாயும் லீவு போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

பாண்டிலட்சுமி வேல்விழியைக் கைப்பிடித்து மேடையேற்றினாள். "நீலப் பட்டு உனக்கு எடுப்பா இருக்குடி. என்ன பண்ணப் போற?" என்று காதோரம் கேட்டாள்.

"தெரியலைக்கா."

உண்மையாகவே தெரியவில்லை.

அழகுராஜா பேசினார். கருணை என்றார், இருட்டு என்றார், ஒளி என்றார். பெட்டியைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு முறை பேசவைத்துக் காட்டிவிடலாம் என்று அவரே யோசனை சொன்னார். வேல்விழி நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தொட்டாள்.

"வணக்கம் தோழி!" என்று நான்கு ஒலிபெருக்கிகளிலும் தேன்மொழி பேசினாள். சாலையில் போன டவுன் பஸ் கூட ஒரு கணம் நின்றாற்போல் இருந்தது. கைதட்டல் எழுந்தது.

முதல் பில், வழக்கம்போல, கோவில்பட்டி பலவேசத்துக்கு. பழைய பார்ட்டி. முன்வரிசையில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவர் உட்கார்ந்திருப்பது அவரது இருமலில் தெரிந்தது.

"வாடிக்கையாளர்... பெயர்... பலவேசம்... ஸ்டோர்ஸ்... கோவில்பட்டி" என்றாள் தேன்மொழி. மறுபடி கைதட்டல்.

"ஆகா! நம்ம பேரை இம்புட்டு அழகா எங்க வீட்டுலயே சொன்னதில்ல!" என்றார் பலவேசம். பந்தல் சிரித்தது.

வேல்விழியின் விரல் அடுத்த விசையின் மேல் நின்றது.

அடுத்த கட்டம் டிஸ்கவுண்டு.

இந்த வியாபாரத்தில் அச்சடித்த விலைப்பட்டியல் எல்லாருக்கும் ஒன்று. கழிவு மட்டும் ஆளுக்கு ஒன்று. யாருக்கு எவ்வளவு என்பது முதலாளிக்கும் அந்தக் கடைக்காரருக்கும் பில் போடுகிறவளுக்கும் மட்டுமே தெரியும். ஒவ்வொருவரிடமும் "உங்களுக்குத்தான் அதிகம், வெளியே மூச்சு விடாதீக" என்று உக்கிரபாண்டி சொல்லியிருப்பார். அந்த 'உங்களுக்குத்தான்' எல்லாரும் இப்போது ஒரே பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

விசையைத் தட்டினால் போதும். மீதியைத் தேன்மொழியே பார்த்துக்கொள்வாள். சொன்னேன், கேட்கவில்லை என்று கையை விரித்துவிடலாம். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் அப்படி நடந்தால், தேன்மொழி தானாகக் கவிழ்ந்தாள் என்றுதான் பேச்சாகும். வேல்விழி வேண்டாமென்று சொன்னாள் என்று ஆகாது. அடுத்த வருஷம் இன்னொரு பெட்டி வரும். இன்னொரு மேடை வரும்.

விரலை எடுத்தாள். கையை நீட்டி மைக்கைத் தேடிப் பிடித்தாள்.

"முதலாளி, அடுத்த கட்டத்துல கோவில்பட்டிக்கு எம்புட்டு டிஸ்கவுண்டுன்னு இருக்கு. வாசிக்கச் சொல்லவா?"

முன்வரிசையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"ஏ... ஏ... நிறுத்து தாயி! கையை எடு!" உக்கிரபாண்டி மேடையில் பாய்ந்த சத்தத்தில் பலகை அதிர்ந்தது.

"வாசிக்கட்டும்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "கோவில்பட்டிக்கு எம்புட்டுன்னு தேனிக்காரனும் தெரிஞ்சுக்கிடுறோம்!"

"எனக்குத்தான் அதிகம்னீகளே முதலாளி! இப்ப ஏன் பதறுதீக?" இது திண்டுக்கல்.

"ஏலே, என் கணக்கு ஏன்லே சந்தி சிரிக்கணும்?" என்று பலவேசம் எழுந்தார். நாற்காலிகள் இழுபட்டன. ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள்.

அழகுராஜா மைக்கைப் பிடுங்கப் பார்த்தார். "ஏம்மா, ஸ்பீக்கரைக் கழத்திட்டு இயர்போனை மாட்டுனா முடிஞ்சு போச்சு! இதுக்காகச் சாமானைக் குறை சொல்லுவியா?"

வேல்விழி மைக்கை விடவில்லை.

"நீங்க சொல்றது சரிதாண்ணே. ஸ்பீக்கர் மாட்டுனது தேன்மொழி தப்பில்ல. நான் அதுக்காக வேண்டாங்கலை. ஸ்பீக்கர் இல்லாட்டியும் எனக்குத் தேன்மொழி வேண்டாம்."

"ஏன்? குரல் இனிக்கலையா?"

"உங்களுக்கு இனிக்குது. நீங்க அஞ்சு நிமிசம் கேட்டீக. நான் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கேக்கணும். போன்ல கடைக்காரரு சொல்ற வேகத்துக்கு எனக்குப் படிச்சுச் சொல்ல ஆளு வேணும். இது வேகத்துக்கு நான் பில்லு போட்டா, தீபாவளிச் சரக்கு பொங்கலுக்குத்தான் போய்ச் சேரும்."

கடைக்காரர்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது.

"வேகத்தைக் கூட்ட எனக்கு உரிமையில்ல. பேச்சை நிறுத்த உரிமையில்ல. உரிமம் கம்பெனி பேருல. நாளைக்கு முதலாளி வேலையை விட்டுப் போன்னா, நான் கண்ணைக் கழத்தி இந்த மேசையில வச்சிட்டுப் போகணும். நீங்க உங்க மூக்குக் கண்ணாடியை அப்படி யாரு பேருலயாவது வாங்குவீகளாண்ணே? உங்க கண்ணுக்கு எந்தப் பவருன்னு நானா சொல்லுவேன்?"

"அப்ப நாங்க குடுக்கிறதுக்கு மதிப்பே இல்லையா?" அழகுராஜா மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவமானம்தான். அது அவளுக்கும் புரிந்தது.

"மதிப்பு இருக்கு. கேட்டுட்டுக் குடுத்திருந்தா இன்னும் இருந்திருக்கும். எனக்கு எது வேணும்னு என்னையத் தவிர எல்லாருகிட்டயும் கேட்டீக."

அவள் குனிந்து ஒலிபெருக்கியின் வயரைத் தடவிப் பிடுங்கினாள். தேன்மொழியை மூடிவிட்டு, கைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் சொருகினாள். இயர்போனை மாட்டினாள். கரகரக் குரல் காதுக்குள் கிளம்பியது. பலவேசம் ஸ்டோர்ஸ். டிஸ்கவுண்டு. சரம், சக்கரம், புஸ்வாணம், மத்தாப்பு. விரல்கள் ஓடின. பந்தலில் இன்னும் சச்சரவு ஓயாத நேரத்திலேயே பிரிண்டர் இரைந்து பில்லைத் துப்பியது.

பாண்டிலட்சுமி அதை எடுத்துப் பலவேசத்தின் கையில் கொடுத்தாள். அவர் மடியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் காட்டாமல், ஓரக்கண்ணால் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார் சுருக்கமாக. பிறகு சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

உக்கிரபாண்டி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"என் மானத்தைக் காப்பாத்துனியா, வாங்குனியான்னே விளங்கலை" என்றார் தணிந்த குரலில். "இத்தனை பேரு முன்னாடி அண்ணாச்சியை இப்படிப் பேசலாமா நீ? நாளைக்கு வா, பேசிக்கிடுவோம்."

"நாளைக்கு வேண்டாம் முதலாளி. இப்பவே சொல்லிருங்க. என் சாமானை வச்சுத்தான் வேலை பார்ப்பேன். வேலை உண்டுன்னா உக்காருறேன். இல்லைன்னா எங்கம்மா வந்திருக்கா, கூடப் போயிருவேன்."

"மிரட்டுறியா?"

"நீங்கதானே கெடு வச்சீக? நான் பதில் சொல்றேன்."

அதற்குள் பந்தலிலிருந்து தேனிக்காரர் கூப்பிட்டார்: "முதலாளி, பூசை முடிஞ்சதுல்லா? எங்க பில்லையும் அந்தப் பிள்ளையவே போடச் சொல்லுங்க. வாயைத் திறக்காம போடுதுல்ல, அதான் வேணும்!"

"எனக்கும் அப்படியே!" என்றது திண்டுக்கல்.

இதற்கிடையில் போட்டோக்காரர் மேடையேறிவிட்டார். "சார், பெட்டியைக் குடுக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துருவோமா? பேப்பர்காரங்க கேப்பாங்க."

"தாயி" என்றார் உக்கிரபாண்டி. 'தாயி' திரும்பி வந்திருந்தது. "படத்துக்கு மட்டும் அந்தப் பெட்டியைக் கையில வாங்கு. அண்ணாச்சி முகத்துக்காக. அப்புறம் நீ என்னத்தையும் வச்சு வேலை பாரு."

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வள்ளித்தாய்தான். இத்தனை ஆண்கள் கூட்டத்தில் அவள் வாய் திறந்து வேல்விழி கேட்டதே இல்லை.

"வேண்டாம்னு சொன்ன சாமானை எப்படி முதலாளி அவ கையில வாங்குவா?"

வேல்விழி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். ஆனால் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

உக்கிரபாண்டி பெருமூச்சு விட்டார். நாற்காலிக்குப் பின்னாலிருந்து அவர் நகர்ந்து போகிற செருப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, இங்க வாங்க. பெட்டியை எங்கிட்டக் குடுங்க, நானே வாங்கிக்கிடுறேன். ஏப்பா, படத்தை எடுத்துக்கோ. ஏ பாண்டிலட்சுமி, அந்தப் பிள்ளைக்கு நிரந்தர ஆர்டரை நாளைக்கே அடிச்சு எடுத்துட்டு வா, கையெழுத்துப் போடுறேன். இப்பப் படத்துல நீ மறைக்கிற, தள்ளு!"

மறுநாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது. ஒரே பெட்டியை இரண்டு பெரியவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி, நீலப் புடவையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பாண்டிலட்சுமி அதை அவளுக்கு விவரித்துவிட்டு, "உன் மூஞ்சியே விழலைடி!" என்று அங்கலாய்த்தாள்.

படம் எடுத்த அந்த நேரத்தில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்பது உண்மைதான். தேனிக்காரர் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லுங்கண்ணே" என்றாள் வேல்விழி. "வேகமாவே சொல்லுங்க."